தாடையை உடைத்தவருக்கு ஒரு நாற்காலி

இங்கிலாந்தின் யார்க்‌ஷையர் ரக்பி லீக் கிளப் ஒன்றுக்குப் பத்து வருடம் விளையாடிய டெரெக்குக்குப் பாராட்டு விருந்து. ஏற்பாடுகளைப் பேச வீட்டுக்கே வந்திருந்தார் புதுச் செயலாளர் நோயல்.

"மேடையில உன் பக்கத்துல யாரை உக்கார வைக்கட்டும்?"

"ராய்ஸ்டனை."

நோயலின் கோப்பையில் டீ தளும்பியது. "எதிர் டீம் ராய்ஸ்டனா? உன் தாடையை உடைச்ச பாவியையா? கேலரியில இருந்து நான் கண்ணால பாத்தேனேடா!"

"அவனேதான்."

"வாயைக் கம்பி போட்டுக் கட்டி, வாரக்கணக்கா குழாயில சூப் உறிஞ்சினியாமே! மறந்துட்டியா?"

"அதை மறக்க முடியுமா?"

இறைச்சிப் பையோடு வந்த டெரெக்கின் மனைவி டோரீனிடம் திரும்பினார் நோயல். "நீயாவது புத்தி சொல்லும்மா. வேற பொம்பளையா இருந்தா அந்த ராய்ஸ்டனை வாசப்படி ஏற விடுவாளா?"

"அவரைக் கூப்பிடச் சொன்னதே நான்தாங்க."

"நீயா?"

"ஆஸ்பத்திரியில அந்தச் சூப்பைக் கொண்டுவந்து குடுத்த நர்ஸே நான்தானே!" டோரீன் சிரித்தாள். "கம்பியை அவுத்ததும் இவரு வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, 'என்னைக் கட்டிக்கிறியா?'ன்னுதான்."