அறுபத்திரண்டு

“சார், ஒங்க மக பேரும் இதுல இருக்காமே?”

மைக் கிறீச்சிட்டு அடங்குவதற்குள் எழுந்து கேட்டுவிட்டார் மலைச்சாமி. விளாங்குடி பள்ளிக்கூட ஹாலில் இருந்த அத்தனை பெற்றோரும் மேடையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த ஜெரால்டைப் பார்த்தார்கள். எல்.கே.ஜி.யில் ஆறே இடம். விண்ணப்பம் நூற்று நாற்பது. குலுக்கல் நடத்த வந்தவனின் மகளும் அதில் ஒருத்தி என்றால் யாருக்குத்தான் உறுத்தாது?

“இருக்குண்ணே,” என்றான் ஜெரால்ட், தலை நிமிர்ந்து. “ஆனா, நான் நெனச்சாலும் எதுவும் செய்ய முடியாது.”

பொறுமையாக விளக்கினான். குலுக்குகிற புரோகிராம், வெளியூர் கம்பெனி கம்பைல் செய்து ஒரே கட்டியாகக் கொடுத்தது. அதைத் திறந்து திருத்த அவனாலும் முடியாது. அவன் எழுதியது பத்து வரி பைத்தான் நிரல் மட்டுமே. பெயர்ப் பட்டியலையும் ஓர் எண்ணையும் புரோகிராமிடம் கொடுத்து அதை ஓடவிடும், அவ்வளவுதான். அதே பட்டியல், அதே எண் என்றால் யார் ஓட்டினாலும் அதே ஆறு பேர்தான். ஒரு வாரமாக வீட்டில் ஓட்டிச் சரிபார்த்தாயிற்று. அந்த எண்ணையும் அவன் சொல்லப்போவதில்லை.

“ஒண்ணுலேருந்து தொண்ணூத்தொம்பதுக்குள்ள ஒரு நம்பர், நீங்களே யாராவது சொல்லுங்க,” என்றார் தலைமையாசிரியை.

கடைசி வரிசையில் நீலச் சேலை கட்டிய ஒருத்தி எழுந்தாள்.

“அறுவத்திரெண்டு.”

ஜெரால்டின் விரல்கள் கீபோர்டின் மேல் நின்றன. எந்த எண் என்று மைக்கில் மறுபடி கேட்டான். அவள் அதையேதான் சொன்னாள்.

அடித்தான். திரையில் ஆறு பெயர்கள் வந்தன. மலைச்சாமியின் மகள் இல்லை. அவன் மகள் ஜெனிஷாவும் இல்லை. இனி கோச்சடையிலிருந்து அந்தக் குழந்தை இரண்டு பஸ் மாறித்தான் வேறு பள்ளிக்குப் போகவேண்டும்.

மலைச்சாமி மேடையேறி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மனசுல வச்சுக்கிடாதீங்க சார். அம்புட்டுப் பேர் முன்னால கேட்டுப்புட்டேன்.”

ஜெரால்டால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பைக்கை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு வந்தான். அங்கே காத்திருந்த அவன் மனைவி அற்புதமேரி, நீலச் சேலையை ஒதுக்கிக்கொண்டு பின்னால் ஏறினாள். திண்டுக்கல் ரோடு வந்ததும் கேட்டான்.

“நாப்பத்தேழு சொன்னாத்தான் பாப்பா பேரு வரும்னு எம்புட்டுத் தடவ சொல்லிக் குடுத்தேன்? மறந்துட்டியா?”

“மறக்கலங்க. ‘நான் நெனச்சாலும் எதுவும் செய்ய முடியாது’ன்னு அந்த அண்ணன்கிட்ட தல நிமிந்து சொன்னீங்க. அது பொய்யாயிரக் கூடாதுன்னுதான்.”