அட்டெண்டன்ஸ் விளையாட்டு

இடது ஷூ ஏறவில்லை.

மகிழினி காலை மடக்கிக்கொண்டுவிட்டாள். வலது காலில் மட்டும் புது ஷூ, முட்டி வரைக்கும் வெள்ளை சாக்ஸ்.

"அம்மா, தலை வலிக்குது."

ஷூவைப் பிடித்திருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது.

எல்.கே.ஜி.யின் முதல் நாள். எட்டேகாலுக்கு வேன் வரும். மணி எட்டு பத்து.

ஒரு மாதமாக மகளைத் தயார் செய்திருக்கிறாள். டிபன் பாக்ஸ் மூடியைத் தானே திறக்க, பாத்ரூம் வந்தால் கையைத் தூக்க, மூக்கை யூனிஃபாரத்தில் துடைக்காமலிருக்க. கடைசிப் பாடம் மட்டும் இன்னும் தேறவில்லை.

சாயங்காலமானால் அட்டெண்டன்ஸ் விளையாட்டு. அம்மாதான் மிஸ். சுவரோரம் கரடி, யானை, ஒரு காது பிய்ந்த முயல், கடைசியில் மகிழினி. பெயரைக் கூப்பிட்டால் "பிரசன்ட் மிஸ்" சொல்ல வேண்டும். கரடிக்குக் கட்டைக் குரல், முயலுக்குக் கீச்சுக் குரல், எல்லாம் மகிழினியே.

நேற்று, கரடிக்கு அடுத்து, அவள் வாய் தவறி "ஆதிரை" என்று கூப்பிட்டுவிட்டாள்.

யாரும் பிரசன்ட் சொல்லவில்லை.

மகிழினி சுற்றுமுற்றும் பார்த்தாள். "அது யாரும்மா?"

"யாருமில்ல."

சொன்ன வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஆதிரை மூத்தவள். மகிழினி பிறப்பதற்கு முன்பே இறந்துபோனாள். அவளும் இதே கரடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பிரசன்ட் மிஸ் சொல்லிப் பழகினாள். பத்து நாள் ஸ்கூலுக்குப் போனாள். பதினோராம் நாள் ஷூ மாட்டும்போது தலை வலிக்கிறது என்றாள்.

அந்த ஸ்கூல் மிஸ் ஏற்கெனவே பெற்றோர் கூட்டத்தில் சொல்லியிருந்தார். "தலை வலிக்குது, வயிறு வலிக்குதுன்னு சொல்லுவாங்க. நம்பாதீங்க. அழுதாலும் அனுப்பிடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "சரி மிஸ்" என்றாள்.

அன்றைக்கு ஆதிரையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றுதான் இருந்தது. தூக்கி வேனில் உட்காரவைத்தாள். பிள்ளை அழக்கூட இல்லை.

மத்தியானம் போன் வந்தது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான்.

"காலையிலேயே கொண்டு வந்திருந்தாலும் இதேதான் ஆகியிருக்கும்மா" என்றார் டாக்டர். நல்ல மனுஷர். ஆனால் அதை அவள் நம்பவில்லை.

போன வாரம் மறுபடியும் ஒரு பெற்றோர் கூட்டம். வேறு ஸ்கூல், வேறு மிஸ். அந்த இரண்டு வரி மட்டும் மாறவே இல்லை. மகிழினி மடியில் உட்கார்ந்து மிஸ்ஸின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளுக்குத்தான் எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

போன வருஷம் ஏதோ சாக்குச் சொல்லி நிறுத்திவிட்டாள். "இவ வயசுப் பிள்ளைங்க எல்லாம் யு.கே.ஜி. போகுது. இந்த வருஷமாவது அனுப்புவியா?" என்று கணவன் கேட்டுவிட்டு வேலைக்குப் போயிருக்கிறான்.

அனுப்பத்தான் நினைத்தாள். சத்தியமாக நினைத்தாள்.

நெற்றியைத் தொட்டாள். கழுத்தை, அக்குளை, உள்ளங்காலைத் தொட்டாள்.

சில்லென்று இருந்தது.

சுட்டிருந்தால் தேவலை.

வேன் ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. அவள் வாசலுக்குப் போனாள்.

"பாப்பா இன்னைக்கு வரலண்ணே. தலைவலி."

டிரைவர் சிரித்தார். "மொத நாளேவா? ஜூன் மாசம் வந்தா எல்லாப் பிள்ளைக்கும் தலைவலிதாம்மா."

வேன் நகர்ந்தது. ஜன்னலில் வரிசையாக அழுகிற முகங்கள். அதில் தன் பிள்ளை இல்லை. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அடுத்த நொடியே வெட்கமாகவும் இருந்தது.

உள்ளே மகிழினி ஒற்றை ஷூவோடு குதித்துக்கொண்டிருந்தாள். தலைவலி போன இடம் தெரியவில்லை. கையில் ஸ்கேல். பொம்மைகள் சுவரோரம் வந்துவிட்டன.

"இன்னைக்கு நான்தான் மிஸ். நீ உக்காரு."

கரடிக்கும் யானைக்கும் நடுவில் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. அவள் அங்கே உட்காரப் போனாள்.

"அங்க இல்லம்மா. அது ஆதிரை இடம்."

நேற்று ஒரே ஒரு தடவை காதில் விழுந்த பெயர்.

அவள் முயலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கரடி!"

"பிரசன்ட் மிஸ்." கட்டைக் குரல் வரவில்லை. ஏதோ ஒரு குரலில் சொன்னாள்.

"ஆதிரை!"

காலி இடத்தில் ஜன்னல் வெயில் விழுந்திருந்தது.

"ஆதிரை! நீதான் சொல்லணும்மா."

எத்தனையோ தடவை தனக்குள் சொல்லிப் பார்த்த பெயர்தான். இன்னொருவர் கூப்பிட்டு, இவள் பதில் சொல்லி, ஐந்து வருஷமாகிறது.

"ஆதிரை லீவு மிஸ்."

"ஏன் லீவு?"

"தலைவலி மிஸ்."

மகிழினி ஸ்கேலால் தரையைத் தட்டினாள். மிஸ் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு, மிஸ் மாதிரியே விரலை ஆட்டினாள்.

"நம்பாதீங்க. அழுதாலும் அனுப்பிடுங்க."

கரடி, யானை, முயல் எல்லாம் அவளையே பார்த்தன. மிஸ் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"சரி மிஸ்" என்றாள்.