முதல் டம்ளர்

"அக்கா, வாயில வச்சிராதீங்க!" குழாய் மாட்டிக்கொண்டிருந்த கருப்பு, ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடிவருகிறான். ஆறு மாத வயிற்றோடு நிற்கும் மீனலோசனியின் உதட்டருகே வெள்ளி டம்ளர் அப்படியே நின்றுவிடுகிறது. ஒத்தக்கடையில் புதிதாக வாங்கிய மனை. போர்வெல்லின் முதல் தண்ணீரை வீட்டு மருமகள் குடிக்க வேண்டும் என்பது அவர்கள் குடும்ப வழக்கம். டம்ளருக்குள் காலை வெயில் இறங்குகிறது. தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கிறது, ஆனால் மஞ்சள். மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டே இருக்கிறது.

அவள் கணவன் ஜனகராஜ் சிரிக்கிறான். "என்ன கருப்பு, இம்புட்டு பதறுற? சம்பிரதாயத்துக்கு அம்மா குழிக்குள்ள மஞ்சள் கரைச்சு ஊத்தியிருக்காங்கப்பா."

"இல்லண்ணே. முன்னாடி இங்க முலாம் பூசுற பட்டறை இருந்துச்சுல்ல? கழிவுத்தண்ணிய இந்த மூலையிலதான் விட்டாங்க. அதுல இருக்க குரோமியம்ங்கிற விஷம் மழைக்கு மழை மண்ணுல இறங்கி, ஊத்துத் தண்ணியில கலந்துரும். அதுவும் மஞ்சளாத்தான் வரும்."

"மேல்மண்ணு அம்புட்டையும் அள்ளிட்டுப் புதுமண்ணு கொட்டியாச்சுய்யா. நீ குடி மீனா."

மீனலோசனி டம்ளரை முகர்கிறாள். மஞ்சள் வாசனையே இல்லை. அடியில் ஒரு துளி பொடிகூடத் தங்கவில்லை. வயிற்றுக்குள் பிள்ளை மெல்லப் புரள்கிறது.

தகரக் கொட்டகைக்குள்ளிருந்து மாமியார் ஹம்சவேணி வருகிறாள். இரண்டு கைகளிலும் செம்பைப் பிடித்துக்கொண்டு, சிந்திவிடாமல், அடிமேல் அடி வைத்து வருகிறாள்.

"அதுக்குள்ள மோட்டாரைப் போட்டுட்டியாடா? நான் இப்பத்தானே மஞ்சளே கரைச்சேன்!"