முகத்தில் ஓர் ஓட்டை

புது வீட்டின் முகப்புச்சுவர் அழகாக இருந்தது. கூரைத் தண்ணீரை வாங்கும் கால்வாய் அதன் முதுகுக்குப் பின்னால் மறைந்திருந்தது. தெருவில் போகிறவர் கண்ணுக்கு ஒரு குழாய்கூடத் தெரியாது.

"உன் முகத்தில் எனக்கு ஓர் ஓட்டை வேண்டும்," என்றது கால்வாய்.

"விளையாடுகிறாயா? தண்ணீர் இறங்கத்தான் எனக்குள்ளே குழாய் இருக்கிறதே!"

"அது அடைத்துக்கொண்டால்?"

"அடைக்காது."

"அடைக்கும். ஓட்டை போட விடு."

பூச்சு காயும்வரை கால்வாய் தினமும் கேட்டது. சுவர் தினமும் மறுத்தது. கால்வாய் பிடித்த பிடியை விடவில்லை.

ஒருநாள் கொத்தனார் சவரிமுத்து, எங்காவது கசிகிறதா என்று பார்க்க, குழாயின் வாயில் சாக்கைத் திணித்துத் தண்ணீர் கட்டினார். கால்வாய் நிரம்பியது. வெளியே போக வழியில்லாத தண்ணீர், கால்வாயின் வீட்டுப் பக்க விளிம்பைத் தாண்டி, வெள்ளையடித்த கூடத்துக்குள் கொட்டியது.

சவரிமுத்து உளியை எடுத்தார். அந்த விளிம்பைவிட நான்கு விரல் தாழ்வாக, சுவரின் நடு முகத்தில் ஓட்டை விழுந்தது. அன்றிலிருந்து சுவர் கால்வாயோடு பேசவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. புறாக்கூடு ஒன்று சரிந்து குழாயை அடைத்தது. ஓட்டை வழியே கலங்கல் தண்ணீர் கொட்டியது.

"அமலி! உங்க சுவத்துல தண்ணி கொட்டுது பாரு! மேல ஏதோ அடைச்சிருக்கு, யாராவது ஏறிப் பாருங்க!" என்று எதிர்வீட்டுக்காரி கத்தினாள்.

"உன் முகமெல்லாம் சேறு," என்றது கால்வாய், கொஞ்சம் சங்கடத்தோடு.

"உள்ளே ஒரு சொட்டாவது போனதா?"

"இல்லை."

"அப்போ நீ பாட்டுக்கு ஊற்று," என்றது சுவர்.