வராத இருவரின் கைகள்

"ரெண்டு பேருக்கும் கை சரிசமன்! இனி என்ன செய்யிறது?" என்றாள் ரூபிகா.

ரயில் போகும்போதெல்லாம் தேநீர்க் கோப்பைகள் நடனமாடும் வெள்ளவத்தை உணவகம் ஒன்றின் மாடியில், 'கை கொடு' இணையத்தளத்தின் ஒன்றுகூடல் நடந்துகொண்டிருந்தது. கணினி முரண்டு பிடித்தாலோ போன் உயிரை விட்டாலோ யாரும் அந்தத் தளத்தில் கேள்வி கேட்கலாம். தெரிந்தவர்கள் சும்மா பதில் சொல்வார்கள். சும்மா என்றாலும், ஆண்டின் சிறந்த உதவியாளருக்கு ஒரு வெற்றிக்கிண்ணம் உண்டு.

தளத்தை நடத்தும் ரூபிகா போன ஆண்டு பதில்களின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் கிண்ணம் கொடுத்தாள். எந்தக் கேள்விக்கும் "ஒருக்கா அணைச்சுப்போட்டுத் திரும்பப் போடுங்கோ" என்று எழுதித் தள்ளிய ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஆகவே இந்த முறை அளவுகோல் மாறியது: உதவி பெற்றவர்கள் நேரில் வந்து, தங்களுக்கு உதவியவருக்காகக் கை உயர்த்த வேண்டும்.

இப்போது களத்தில் இரண்டே பேர்.

ஒருவர் கொட்டாஞ்சேனை ஒஸ்வால்ட். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன்னைக் கேட்காமல் கொட்டாஞ்சேனையில் ஒரு மின்விசிறிகூடச் சுழலாது என்பது அவருடைய சொந்தக் கணிப்பு. கிண்ணத்துக்கு இடம் வேண்டுமென்று மனைவி பிறிஜெற்றின் பீங்கான் தட்டுகளைக் கண்ணாடி அலுமாரியிலிருந்து வெளியேற்றிவிட்டு வந்திருந்தார். வெறுங்கையோடு திரும்பினால் அவரையும் வெளியேற்றுவதாக பிறிஜெற் வாக்குக் கொடுத்திருந்தாள்.

மற்றவர் மாளிகாவத்தை ஜாபிர். புடவைக் கடையை மகனிடம் கொடுத்துவிட்டுக் கணினிக்கு முன்னால் குடியேறியவர். கிண்ணத்தோடு படம் எடுக்கவென்றே புதுச் சட்டை போட்டிருந்தார். அதன் பளபளப்பில் கடலில் போகும் கப்பல் வழி தவறியிருக்கும்.

"உதவி வாங்கிப்போட்டு வராத ஆக்கள் ரெண்டு பேர் இருக்கினம்," என்றாள் ரூபிகா. "முகத்துவாரம் மேபல், கல்கிசை பஸீர். ரெண்டு பேரும் பதியேக்க நம்பர் தந்திருக்கினம். கோல் எடுத்துக் கேப்பம்."

ஜாபிர் மேசையில் அடித்த அடியில் ரோல்ஸ் தட்டு துள்ளியது.

"மேபலுக்கு எடுங்க மகள்! அவ என்னயக் கைவிட மாட்டா. பிரின்டர் செத்துப்போச்சிண்டு ஒரு கிழமையா ஒப்பாரி. கடைசீல பாத்தா, பிளக்கே போடல்ல! பிளக் போடாம பிரின்டருக்கு ஏசின ஒரே பொம்பள இந்த ஒலகத்துல அவதான்!"

மண்டபமே சிரித்தது. ஒஸ்வால்டின் முகம் மட்டும் சிவந்தது.

"இதில என்ன பகிடி? பிளக் அலுமாரிக்குப் பின்னால கழண்டு கிடந்தா ஆருக்குத் தெரியும்? ரூபிகா, அந்தப் பிள்ளைக்கு எடுக்காதேங்கோ. பாவம், கூச்ச சுபாவம்."

"பயம் வந்திட்டு, பயம்!" என்றார் ஜாபிர்.

"எனக்கா? என்ர பஸீருக்கு எடுங்கோ, பிறகு பாருங்கோ! லெப்டொப் சூடாகுதெண்டு அதைக் கொண்டுபோய் பிரிட்ஜுக்குள்ள வச்ச மகான் அவர். மீனுக்குப் பக்கத்தில! நான் மட்டும் இல்லையெண்டா அதைப் பொரிச்சுச் சாப்பிட்டிருப்பார்."

இந்த முறை ஜாபிர் சிரிக்கவில்லை.

"வெயில் காலம். சூட்டில மனிசனுக்கு மூள எப்பிடி வேல செய்யும்? அவருக்கு எடுக்க வாணாம் மகள். இந்நேரம் வேலையா இருப்பாரு."

"ஞாயிற்றுக்கிழமையில என்ன வேலை? இப்ப ஆருக்குப் பயம்?"

"ஒங்களுக்கு!"

"உமக்கு!"

"போதும்," என்றாள் ரூபிகா. "ரெண்டு பேருக்கும் எடுக்கிறன். முதல்ல மேபல்."

எண்ணை அழுத்தினாள். அடுத்த ரயில்கூட நின்று கேட்பதுபோல எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

தேவாலய மணியோசை ஒன்று எழுந்தது. ஒஸ்வால்டின் காற்சட்டைப் பையிலிருந்து.

ரூபிகா அழைப்பைத் துண்டித்தாள். மணி நின்றது. மறுபடி எடுத்தாள். மணி மறுபடி அடித்தது.

"மேபல்... நீங்களா?" ஜாபிரின் வாய் திறந்தபடி நின்றது.

"பெரிய உதவியாளன் எண்டு பேர் எடுத்துப்போட்டு, பிரின்டர் ஏன் வேலை செய்யேல்லை எண்டு என்ர பேரில கேக்க ஏலுமே?" என்று முணுமுணுத்தார் ஒஸ்வால்ட். அலுமாரியில் காலியாகக் கிடக்கும் இடத்தை ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். பிறகு, போட்டி வேறு, உதவி வேறு என்பதுபோல, ஜாபிருக்காகக் கையை உயர்த்தினார்.

ஜாபிர் சிரித்த சிரிப்பில் வெளியே காலி நகருக்குப் போகும் வீதியில் போக்குவரத்தே நின்றிருக்கும். "ஒரு கை கூடிட்டு! கிண்ணம் எனக்கு!" என்று அதை எட்டிப் பிடித்தார்.

"பொறுங்கோ நானா, பஸீரிட்டயும் கேக்கவேணுமே," என்று ரூபிகா அடுத்த எண்ணை அழுத்தினாள்.

ஜாபிரின் சிரிப்பு பாதியில் அறுந்தது; அந்தப் பளபளக்கும் புதுச் சட்டையின் பை கிணுகிணுத்து அதிரத் தொடங்கியது.

ஜாபிர் கிண்ணத்தை மெல்ல மேசையில் வைத்தார். அதே கையை ஒஸ்வால்டுக்காக உயர்த்தியபடி சொன்னார்:

"மீன் கீழ்த் தட்டுலதான் இருந்திச்சி, மச்சான்."