இருவர் முகமும் தெரிய ஒரு படம்

"இது இனிமே எழுந்திருக்காது அத்தான். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி என் லேப்டாப்புல மாட்டிப் பார்த்தாத்தான் உண்டு" என்றான் மைத்துனன், கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியபடியே.

புகைப்படக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். வாசல் பலகையில் அவர் புகைப்படக்காரர் அல்ல, 'ஒளிக்கவிஞர்'. கல்யாணத்தைப் படம் எடுக்க ஆயிரம் பேர் உண்டு, கணங்களைக் கைது செய்பவர் இவர் ஒருவரே என்று அதன் இரண்டாவது வரி அறிவித்தது. கைதான கணங்கள் அத்தனையும் இப்போது அந்தச் செத்த பெட்டிக்குள் கிடந்தன.

"கேமரா கார்டுல இருக்குமே?"

"அடுத்த கல்யாணத்துக்காக அழிச்சாச்சு."

"வேற எதுலயாவது ஒரு காப்பி?"

"கலைக்கு ஏது மச்சான் காப்பி?"

"அப்ப கலைஞருக்கு ஏது அத்தான் தூக்கம்?" என்றான் மைத்துனன். ரிப்பேர் கடை வைத்திருப்பவன். அக்கா புருஷன் என்பதால் கூலி வாங்க முடியாது. அதை இப்படித்தான் வசூலிப்பான்.

"மெதுவாப் பேசு. முன்னாடி ரூம்ல அவங்க ரெண்டு பேரும் உட்கார்ந்திருக்காங்க."

போன வருடம் கல்யாணமான ஜோடி. ஒரே மாதத்தில் ஆல்பம் என்று வாக்குக் கொடுத்திருந்தார். பிறகு, படங்கள் ஊற வேண்டும் என்றார். பிறகு, வண்ணங்கள் தங்களுக்குள் பேசி முடிக்க வேண்டும் என்றார். வேறு யாராக இருந்தாலும் இதற்குள் பலகையைப் பெயர்த்திருப்பார்கள். இவர்கள் குரலை உயர்த்தியதே இல்லை. சேர்ந்தே வந்தார்கள், ஒரே சோபாவில் உட்கார்ந்தார்கள். ஒருவர் தொடங்கிய வாக்கியத்தை மற்றவர் முடித்தார்.

"ஆல்பமே வேண்டாம் சார்" என்றான் கணவன், அவர் முன்னறைக்கு வந்ததும்.

"ஒரே ஒரு படம் போதும்" என்றாள் மனைவி.

"ரெண்டு பேரும் தெரியற மாதிரி."

"அடுத்த வாரம் ஒரு வருஷம் முடியுது. அதுக்குள்ள கிடைச்சா நல்லாருக்கும்."

ஒளிக்கவிஞர் இருவரையும் கையெடுத்துக் கும்பிட்டார். உள்ளே ஓடினார்.

"முதல் கல்யாண நாளாம் மச்சான். இந்தக் காலத்துல இப்படி ஒரு ஜோடியா? எப்படியாவது எடுத்துக் கொடு. இல்லேன்னா என் பேரும் போயிடும், அவங்க மனசும் உடைஞ்சிடும்."

"பேரைப் பத்தித்தான் முதல்ல சொல்றீங்க" என்றான் மைத்துனன்.

கழற்றிய டிஸ்க்கை ஒயர் வழியாகத் தன் லேப்டாப்பில் மாட்டினான். அது டிக் டிக் என்று பல்லைக் கடித்தது. கொஞ்ச நேரத்தில் படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் விழத் தொடங்கின. ஒளிக்கவிஞர் பெருமை தாங்காமல் ஜோடியை உள்ளே அழைத்தார்.

முதலில் தரையில் சிதறிய பூவிதழ்கள். அடுத்து, கலங்கலாக விளக்குகள். பெண்ணின் முழங்கை. மாப்பிள்ளையின் ஒற்றைக் காலணி. சுவரில் நீண்ட இரண்டு நிழல்கள்.

"இது நீங்க ரெண்டு பேரும்தான்" என்றார்.

"நிழல் சார்" என்றாள் மனைவி. "முகம்?"

"முகத்தை யார் வேணும்னாலும் எடுப்பாங்கம்மா. நான் எடுத்தது உறவை."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையைப் படம் எடுக்கக் கையில் கேமரா இல்லையே என்று ஒளிக்கவிஞர் வருந்தினார்.

"உறவு இருக்கட்டும் சார்" என்றான் கணவன் பொறுமையாக. "முகம் ஏதாவது இருக்கா?"

"அத்தான், ஒரு படத்துல மாப்பிள்ளை காது இருக்கு, இன்னொண்ணுல பொண்ணோட மூக்கு இருக்கு" என்றான் மைத்துனன். "சேர்த்து ஒட்டிடட்டுமா?"

டிஸ்க் கரகரவென்று இழுத்தது. பாதிக்குமேல் சாம்பல் நிறக் கட்டங்களாகவே வந்தன. மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். டிஸ்க் ஓய்வதற்கு முன்னால் கடைசியாக ஒரு படம் விழுந்தது.

மேடையில் இருவரும் கம்பம் போல் நின்று, அடையாள அட்டைப் படத்துக்குப் பார்ப்பதுபோல் கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் மண்டபப் பலகையில் இருவர் பெயரும், கல்யாணத் தேதியும் பளிச்சென்று தெரிந்தன.

ஒளிக்கவிஞர் பதறிப்போய்த் திரையைக் கையால் மறைத்தார். "சே, இதைப் பார்க்காதீங்க. வெளிச்சம் சரியா இருக்கான்னு பார்க்க எடுத்தது. இதுல கலையே இல்லை."

"இதேதான் சார்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. கணவன் ஒளிக்கவிஞரின் கையைப் பிடித்துக்கொண்டான். "எங்க வாழ்க்கையையே காப்பாத்திட்டீங்க சார்."

படத்தைப் பெரிதாக அச்சிட்டு உறையில் போட்டுக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றார். கல்யாண நாள் பரிசு என்றார். கடைசியில் குரல் தழுதழுக்க, "இன்னும் நூறு வருஷம் இதே ஒத்துமையோட இருக்கணும்" என்று கையை உயர்த்தி ஆசீர்வாதமும் செய்தார். மைத்துனன்கூட ஒரு கணம் கிண்டலை மறந்து நின்றான்.

வாசல் படியிலேயே மனைவி போனை எடுத்துவிட்டாள்.

"வக்கீல் சார், கல்யாணம் நடந்ததுக்கு ஆதாரம் கிடைச்சிடுச்சு. முகம், பேரு, தேதி எல்லாம் தெளிவா இருக்கு. சட்டப்படி காத்திருக்கணும்னு சொன்ன ஒரு வருஷம் முடிஞ்ச மறுநாளே ரெண்டு பேரும் வந்துடறோம், விவாகரத்து மனுவைப் போட்டுடலாம்."