டோரீனின் வலது கை

“எத்தனை நாளா இருக்கு?” டோரீனின் வலது கையிலிருந்த கட்டியை அமுக்கியபடி கேட்டான் வெள்ளைக் கோட்டு போட்ட இளைஞன் ஓவன்.

“மூணு மாசமா. புத்துநோயா இருக்குமோ டாக்டர்?” டோரீன் விசும்பினாள்.

“இப்பவே சொல்ல முடியாதும்மா. முதல்ல ஸ்கேன். அப்புறம் ஊசியால துளி சதை எடுத்துப் பார்க்கணும். அதுவரைக்கும் யாரையும் வெட்ட விடாதீங்க.” ஒப்பிட்டுப் பார்க்க, இடது கையையும் தடவினான்.

மணி அடித்தது. டோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரப்பர் கட்டியைப் பிய்த்து டப்பாவில் போட்டாள். மருத்துவக் கல்லூரித் தேர்வுகளில் நோயாளியாக நடிப்பது அவள் தொழில்.

“நல்லா பண்ணினே தம்பி! முன்னாடி வந்த எட்டுப் பேரும் இந்தக் கையோட நிறுத்திட்டாங்க.”

“இடது கையில ஒட்டினதை எடுக்கலையா மேடம்? அதுதான் அசல் மாதிரியே இருக்கு.”

டோரீன் தடவிப் பார்த்தாள்.

“அங்க நான் எதுவும் ஒட்டலையே.”